ஏஏசி பிளாக் சுவரில் கிச்சன் மேல் கபோர்டு: ஒன்றரை அங்குல ஸ்க்ரூ தாங்குமா?

புதுவீடு_திருச்சி:
வணக்கம். சமையல் மேடைக்கு மேல் 8 அடி நீளத்துக்கு நாலு பெட்டி வருகிறது. ஒவ்வொன்றும் 600 மி.மீ. அகலம், 700 உயரம், 300 ஆழம். 18 மி.மீ. 710 கிரேடு (தண்ணீர் தாங்கும்) பிளைவுட். பின்பலகை மட்டும் 6 மி.மீ. சுவர் 6 அங்குல ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் கொண்ட லேசான கான்கிரீட் கல்). அதன்மேல் பூச்சு, டைல்ஸ். பின்பலகை வழியாகவே 6 மி.மீ. பிளக் அடித்து ஒன்றரை அங்குல ஸ்க்ரூவில் மாட்டிவிடலாம் என்கிறார் ஆசாரி. தாங்குமா? தூக்குகுண்டு விட்டுப் பார்த்ததில் சுவர் மேற்பக்கம் 10 மி.மீ. உள்வாங்கியிருக்கிறது.

மரவேலை_கோவை:
தாங்காது சார், ஆசாரியை அப்படி மாட்ட விடாதீர்கள். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மி.மீ. பின்பலகைக்கு 6, டைலுக்கு 8, பூச்சுக்கு 15 போனால் கல்லுக்குள் இறங்குவது 1 செ.மீ. கூட இல்லை. காலிப் பெட்டியே ஷட்டரோடு (கதவோடு) 18 கிலோ வரும். எவர்சில்வர் பாத்திரமும் மளிகையும் அடுக்கினால் 50 கிலோவைத் தொடும். அந்தப் பாரம் மேல் ஸ்க்ரூவை முன்பக்கமாக இழுக்கும். பிளக் பிடித்தாலும் 6 மி.மீ. பலகை ஸ்க்ரூ தலையைச் சுற்றிக் கிழியும்.

முதலில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மேல்பலகைக்குக் கீழே, பின்பலகையை ஒட்டி 18 மி.மீ. பிளைவுட் பட்டை, 100 மி.மீ. அகலத்தில், பசை போட்டு இரண்டு பக்கப் பலகைகளோடும் ஸ்க்ரூ அடிக்கச் சொல்லுங்கள். சுவர் ஸ்க்ரூ இந்தப் பட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டையில் இரண்டு ஸ்க்ரூ.

அடுத்தது லிண்டல், அதாவது கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டி. உங்கள் வீட்டில் லிண்டல் சுவர் முழுக்க ஓடுகிறதா? நம் ஊரில் அதன் அடிமட்டம் பெரும்பாலும் தரையிலிருந்து 7 அடி. மேடை 34 அங்குலம், இடைவெளி 24, பெட்டி 28. கூட்டினால் 86, அதாவது 7 அடி 2 அங்குலம். பெட்டியை 3 அங்குலம் உயர்த்தினால் பட்டை கான்கிரீட்டுக்கு நேராக வந்துவிடும். பெட்டி மறைக்கப்போகும் இடத்தில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். கோலமாவு மாதிரி வெள்ளையாகக் கொட்டி பிட் வழுக்கிக்கொண்டு போனால் ஏஏசி. சாம்பல் நிறத்தூள் வந்து பிட் திணறினால் கான்கிரீட். கம்பி பெரும்பாலும் லிண்டலின் அடியில் ஓடும், துளை நடு உயரத்தில் விழட்டும்.

புதுவீடு_திருச்சி:
நன்றி சார், பார்த்தேன். இடப்பக்கம் 5 அடி வரை சாம்பல் தூள், அதற்கப்புறம் வெள்ளை. மீதி 3 அடிக்கு என்ன செய்வது? சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம்.

மரவேலை_கோவை:
ஸ்டோர் ரூம் என்றால் வசதியாகப் போயிற்று. அந்த 3 அடியில் வரும் பட்டைகளுக்கு எம்8 த்ரெடட் ராடை (8 மி.மீ. மரை போட்ட கம்பி) சுவரில் முழுக்க ஊடுருவவிட்டு, மறுபக்கம் 50 மி.மீ. சதுர இரும்புத் தகடு வைத்து நட் போடுங்கள். ஏஏசியில் இதைவிட நம்பகமான பிடி கிடையாது. நட்டை அளவோடு முறுக்குங்கள், அதிகம் முறுக்கினால் கல் நசுங்கும்.

கான்கிரீட் பகுதிக்கு 10 x 120 (10 மி.மீ. தடிமன், 120 நீளம்) நைலான் ஃப்ரேம் ஆங்கர், அதாவது ஸ்க்ரூவோடு வரும் நீளமான பிளக், போதும். பட்டை 18, பின்பலகை 6, சுவர் உள்வாங்கியதற்கான சப்பை (இடைவெளியை நிரப்பும் துண்டு) 10, டைலும் பூச்சும் 23 போக, கிட்டத்தட்ட 6 செ.மீ. கான்கிரீட்டில் நிற்கும். டைலைத் தாண்டும்வரை ட்ரில்லில் ஹாமர் வேண்டாம், விரிசல் விடும். ஏஏசியில் ஹாமரே கூடாது. துளை உதிர்ந்து பெரிதாகிவிடும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடாதீர்கள், ஒயர் குழாய் அந்த வழியில்தான் இறங்கும்.

ஷட்டர்_மதுரை:
ஒன்று சேர்க்கிறேன். 10 மி.மீ. இடைவெளி இருக்கிறதே என்று ஸ்க்ரூவை முறுக்கிப் பெட்டியைச் சுவரோடு இழுத்துவிடாதீர்கள். பெட்டி முறுக்கிக்கொள்ளும், அப்புறம் ஷட்டர் எந்தக் காலத்திலும் நேராக நிற்காது. ஸ்க்ரூ போகும் இடத்தில் மட்டும் பிளைவுட், மைக்கா துண்டுகளைச் சப்பையாகக் கொடுங்கள். ட்யூப் லெவல் பிடித்துக் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ஒரு ரீப்பரை (மரச்சட்டம்) தற்காலிகமாக அடித்து அதன்மேல் பெட்டிகளை உட்கார வையுங்கள். பக்கத்துப் பெட்டிகளைக் கிளாம்ப் போட்டு முன்விளிம்பு சமமானதும் 30 மி.மீ. ஸ்க்ரூவால் இணைத்து, கடைசியாகத்தான் சுவர் ஆங்கரை இறுக்க வேண்டும்.

கீல் வாங்கும்போது, பெட்டிக்குப் பெட்டி தனிப் பக்கப்பலகை இருப்பதால் 0 கிராங்க் (ஷட்டர் பக்கப்பலகை விளிம்பை முழுக்க மூடும் வகை) கேளுங்கள். ஒரே பலகையில் இருபுறமும் ஷட்டர் வந்தால்தான் 8 கிராங்க் (பாதி மூடும் வகை). 700 உயரத்துக்கு இரண்டு கீல் போதும். ஷட்டர்களுக்கு நடுவே ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) இடைவெளி விடச் சொல்லுங்கள்.