குறுவைக்கு 20 டி.எம்.சி. குறைந்தால் மோட்டார் பார்த்துக்கொள்ளுமாம்!

கடைமடை:
பக்கத்துத் திரியில் ‘தொடர்மதிப்பு’ போட்ட கணக்கைப் பார்த்து எரிச்சல் தாங்காமல் இதைத் தொடங்குகிறேன். அவர் சொல்வது இது: பருவநிலை மாறி ஜூன் முதல் செப்டம்பர் வரை மேட்டூர் தண்ணீர் 20 டி.எம்.சி. குறைந்தாலும் டெல்டா மோட்டார்கள் ஈடுகட்டிவிடும், கூடுதல் மின்சாரம் 54 மெகாவாட்தான், அதனால் நெல்லுக்கு இடர் குறைவு. இதற்குத் தண்ணீர், மின்சாரம், உணவு மூன்றையும் இணைத்த கணக்கீட்டு மாதிரி என்று பெயர். டெல்டாவின் நிலத்தடி நீர் பெரும்பகுதி ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் நின்று கசிந்து இறங்கிய காவிரிதான். மேலே 20 குறையும்போது கீழே அதே 20 எங்கிருந்து வரும்?

தொடர்மதிப்பு:
கணக்கு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. 20 டி.எம்.சி. என்றால் 56.6 கோடி கன மீட்டர். தண்ணீரை மேலே ஏற்றும் மொத்த உயரம் 15 மீட்டர், மோட்டார் திறன் 40 சதவீதம் என்று வைத்தால் கன மீட்டருக்கு 0.102 யூனிட், மொத்தம் 5.8 கோடி யூனிட். 90 நாள், தினம் 12 மணி நேரம் மும்முனை மின்சாரம் என்று வகுத்தால் 54 மெகாவாட். எந்த வரி தப்பு? வடகிழக்குப் பருவமழை மண்ணுக்குள் இறங்குவதே இல்லையா?

கடைமடை:
முதல் வரியே தப்பு, அந்த 20 கீழே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதே தப்பு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. குறுவை 110 நாள் பயிர், ஜூனில் விதைத்தால் அதற்குள் அறுவடை முடிந்துவிடும். முந்தைய ஆண்டு மழை தேங்கியிருக்கும் என்பீர்கள். அதைக் கோடைப் பயிர் ஏற்கெனவே இறைத்து முடித்திருக்கும். அந்த 20 எங்கிருந்து வரும்?

தொடர்மதிப்பு:
உச்ச நீதிமன்றமே 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் டெல்டாவுக்கு 10 டி.எம்.சி. நிலத்தடி நீர் உண்டு என்று எடுத்துக்கொண்டது. கர்நாடகம் ஆண்டுக்கு நமக்குத் தர வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆனதில் அதற்கும் பங்குண்டு. உங்களைவிட அவர்களுக்குத் தெரியாதா?

கடைமடை:
நீங்கள் எடுத்தது 20. அவர்கள் எடுத்தது 10. அந்தப் பத்தையும் வைத்துத்தான் நம் பங்கு ஏற்கெனவே வெட்டப்பட்டது. அதையே இன்னொரு முறை செலவு செய்கிறீர்கள்!

நீரியல்மாணவன்:
அண்ணே, ‘வீப்’ (WEAP) என்ற நீர்க்கணக்கு மென்பொருள் மாதிரியில் நிலத்தடி நீரைத் தனி முனையமாக வைத்து, வாய்க்கால் கசிவை அதற்குள் இணைத்துவிட்டால் சண்டை தீருமே. மாதத்துக்கு ஒரு கணக்கு என்ற கால அடி போதாதா?

கடைமடை:
இணைக்க வேண்டும், அதைத்தானே தம்பி கத்துகிறேன். வாய்க்கால் கசிவு, வயல் கசிவு இரண்டையும் இணைத்தால் அணைத் திறப்பு குறையக் குறைய ரீசார்ஜும், அதாவது நிலத்தடிக்கு ஊறும் நீரும் குறையும். மாத அடி போதாது. நடவிலும் பூக்கும் பருவத்திலும் 10 நாள் தண்ணீர் வராமல் போனால் விளைச்சல் போய்விடும். மாதச் சராசரி அதை விழுங்கிவிடும்.

இன்னொன்று. டெல்டாவில் பல இடங்களில் இருப்பது பில்டர் பாயிண்ட் என்ற ஆழமில்லாத குழாய்க்கிணறும் தரைமேல் வைத்த சென்ட்ரிபியூகல் பம்பும். உறிஞ்சும் ஆழம் கோட்பாட்டில் 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் தாண்டினால் காற்று இழுக்கும். தொடர்மதிப்பின் மாதிரியில் நீர்மட்டம் இறங்க இறங்க யூனிட் மட்டும் நேர்கோட்டில் ஏறுகிறது. நிஜத்தில் 7 மீட்டருக்குக் கீழே அந்த பம்பு பூஜ்யம். சட்டென்று பூஜ்யமாகும் அந்த இடத்தை மாதிரியில் வைக்காமல் இடர் குறைவு என்று எழுத எப்படி மனம் வந்தது?

தொடர்மதிப்பு:
சப்மெர்சிபிள் இறக்கிக்கொள்ளட்டும். தொழில்நுட்பம் மாறுவதையும் மாதிரியில் வைக்கலாம்.

கடைமடை:
வையுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இறக்கினால் உப்புத் தண்ணீர் ஏறும். நீரின் அளவு இருக்கிறது, தரம் என்ற வரியே உங்கள் அட்டவணையில் இல்லை.

மேற்குமலை:
மேற்கே 1000 அடி போர் போட்டு இறைக்கிறோம், டெல்டாக்காரர்கள் 7 மீட்டருக்கு அழுகிறீர்கள். 1990-லிருந்து எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசம். மீட்டர் இல்லாத பம்பு எத்தனை யூனிட் இழுக்கிறது என்று அளக்காமல் இரண்டு பேரும் தசமம் வரைக்கும் கணக்குப் போடுகிறீர்கள். 40 சதவீதத் திறன் யார் அளந்தது?

தொடர்மதிப்பு:
40 என்பது என் அனுமானம், முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். 30 ஆக்கினாலும் 72 மெகாவாட்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலை உச்சம். முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு 72 ஒரு பொருட்டா?

கடைமடை:
வந்துவிட்டீர்கள் நான் எதிர்பார்த்த இடத்துக்கு. கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் நிரப்பும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் உங்கள் காற்றாலையையும் சுற்றுகிறது. அது தளர்ந்தால் இரண்டும் தளரலாம். நீங்கள் நீர்வரத்தை ஒரு பக்கமும் காற்றை ஒரு பக்கமும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து கெடும் ஆண்டு அதில் தேவையானதைவிடக் குறைவாகத்தான் வரும். காலநிலை மாதிரியின் ஒரே ஓட்டத்தில், ஒரே ஆண்டிலிருந்து மழை, காற்று, வெப்பம் மூன்றையும் எடுக்க வேண்டும்.

மேட்டூரில் திறக்காத தண்ணீர் மின்சாரமும் தராது. நீர்த்தலை, அதாவது நீர் விழும் உயரம் 35 மீட்டர், திறன் 85 சதவீதம் என்றால் 20 டி.எம்.சி.க்கு 4.6 கோடி யூனிட் நட்டம். செக்கானூர் தொடங்கி ஊராட்சிக்கோட்டை வரை கீழே உள்ள நான்கு கதவணை நிலையங்கள் தனி. உங்கள் 5.8 கோடியோடு இதைச் சேர்த்தீர்களா?

தொடர்மதிப்பு:
நட்டத்தையும் மோட்டாரையும் கூட்டினாலும் மாநில மின்தேவைக்கு முன் அது சிறிய எண்தான். வெப்ப அலைத் திரியிலும் இப்படித்தான் சிறிய எண்ணைப் பெரிதாக்கினீர்கள்.

கடைமடை:
வெப்ப அலைத் திரியில் பூக்கும்போது 35 டிகிரி தாண்டினால் நெல் பதராகும் என்றேன். இன்றுவரை நீங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

நீரியல்மாணவன்:
தமிழக எல்லையில் காவிரியை அளக்கும் பிலிகுண்டுலு நீர்வரத்தை மழையிலிருந்து நேராகக் கணித்தீர்களா சார்? மேலே கர்நாடக அணைகள் திறந்தால்தானே வரும்?

தொடர்மதிப்பு:
மழைக்கும் வரத்துக்கும் ஒட்டுறவு நன்றாகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினேன்.

கடைமடை:
வெள்ள ஆண்டில் ஒட்டுறவு இருக்கும். வறண்ட ஆண்டில் மதகு முடிவு செய்கிறது, மழை முடிவு செய்வதில்லை. அணை இயக்க விதியை மாதிரிக்குள் எழுதாமல் வறட்சி இடரைக் கணிக்க முடியாது. 2023-ல் மேட்டூரை ஜூன் 12 தேதிக்குச் சரியாகத் திறந்தார்கள். அக்டோபர் 10-ல் மூட வேண்டி வந்தது. கடைமடையில் குறுவை காய்ந்தது. மோட்டார் ஏன் ஈடுகட்டவில்லை?

தொடர்மதிப்பு:
ஒரு ஆண்டை வைத்து மாதிரியை மதிப்பிடுவது புள்ளியியல் ஆகாது.

மேற்குமலை:
பவானிசாகர் தண்ணீரையும் டெல்டா கணக்கில்தான் சேர்க்கிறீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.

கடைமடை:
பவானிக்கு வேறு திரி திறங்கள் சார். இங்கே ஒரே கேள்விதான் கேட்டேன். அந்த 20 எங்கிருந்து வரும்?

தொடர்மதிப்பு:
15 மீட்டர் ஆழத்திலிருந்து. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடைமடை:
அங்கே அதைக் கொண்டுபோய் வைத்தது யார்?