கூமுட்டை நாற்றமும் பழுப்பு வட்டமும்

கந்தகம் என்றதும் எனக்குப் பிளந்துபோன ஒரு தண்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

எஃகுச் சோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிது. சூடாக்கி அடித்த தண்டுகளில் சில நடுவே வெடித்து வந்தன. ஆய்வறிக்கையில் கந்தகம் வரம்புக்குள்தான் இருந்தது. உலையில்தான் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னேன். மூத்தவர் பதில் பேசாமல் ஒரு தண்டைக் குறுக்கே அறுக்க வைத்தார். வெட்டுமுகத்தை எமரித் தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவினோம். புகைப்படத்துக்கான புரோமைடு தாளை 2 சதவீதக் கந்தக அமிலத்தில் ஊறவைத்து, குமிழி இல்லாமல் அதன்மேல் அழுத்தினார். சில நிமிடம் கழித்து உரித்தால், ஓரமெல்லாம் வெளுப்பு, நடுவில் அடர் பழுப்பு வட்டம்!

எஃகிலுள்ள சல்ஃபைடை அமிலம் தொட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்புகிறது. அது அந்த இடத்திலேயே தாளிலுள்ள வெள்ளி உப்பை வெள்ளி சல்ஃபைடாக்கிப் பழுப்பாக்கிவிடுகிறது. அறிக்கைக்குச் சீவல் எடுத்தது ஓரத்தில். கந்தகம் ஒதுங்கியிருந்தது நடுவில், எஃகு கடைசியாக உறையும் இடத்தில். அங்கே கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும் மாங்கனீஸ் போதாவிட்டால் இரும்பு சல்ஃபைடு உண்டாகும். இரும்போடு சேர்ந்து அது 988 டிகிரி செல்சியஸிலேயே உருகும். நாங்கள் அடித்ததோ 1,150 டிகிரியில். படிகங்களின் இடுக்கில் திரவம் நின்றால் பிளக்காமல் என்ன செய்யும்? அந்தத் தாளை, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டுக் கழுவி இன்றும் வைத்திருக்கிறேன்.

---

அண்ணா, உங்கள் தாளில் படம் வரைந்த அதே வாயு என்னைச் சாகடிக்கப் பார்த்தது.

தாதுவை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் ஆய்வகம் எங்களுடையது. மாலகைட் செம்புத் தாது லேசில் மிதக்காது. சோடியம் சல்ஃபைடு சேர்த்து அதன் மேற்பரப்பை மாற்றினால்தான், தாதுவை நுரைக் குமிழியில் ஒட்டவைக்கும் சாந்தேட் என்ற வேதிப்பொருள் நன்றாகப் பிடிக்கும். ஒருநாள் மிச்சக் கரைசலைக் கழிவுக் கேனில் ஊற்றினேன். அதில் யாரோ அமிலம் ஊற்றியிருந்தது எனக்குத் தெரியாது. குப்பென்று கூமுட்டை நாற்றம். இரண்டு மூச்சில் நாற்றமே இல்லை. அடங்கிவிட்டது என்று நினைத்துக் குனிந்து மூடியைத் தேடினேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார் ஒரு அக்கா. இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துப்போகும் என்று பிறகுதான் படித்தேன். காற்றைவிடக் கனமான வாயு, குனிந்தது அடுத்த தப்பு. இப்போது சல்ஃபைடு கழிவுக்குத் தனிக் கேன், வாயு கிளம்பாமல் இருக்க எப்போதும் காரமாக, பிஎச் 10-க்கு மேல். இடுப்பில் வாயு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் உள்ளே போவதில்லை.

---

தம்பி, கருவியை இடுப்பில் மாட்டாதே. சட்டைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில் மாட்டு. நீ சுவாசிக்கும் காற்றைத்தான் அது பார்க்க வேண்டும்.