தாடை வடிவமாற்றமும் 'நிரப்பூசி'யும்: ஒரு சொல் வேண்டும்

கயல்விழி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

தோல் மருத்துவமனை ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். அறுவை இல்லாமல் மோவாயையும் தாடை விளிம்பையும் மாற்றும் முறைகளைப் பற்றியது அது. மோவாயில் கூழ்மத்தை ஊசியால் ஏற்றி அதை எடுப்பாகக் காட்டுவது ஒரு முறை. மெல்லும் தசையில் போட்டுலினம் நச்சைச் செலுத்தி, அத்தசையை மெலியவைத்து முகத்தின் அகலத்தைக் குறைப்பது இன்னொன்று. டீஆக்சிகோலிக் அமிலத்தால் மோவாய்க்கு அடியிலுள்ள கொழுப்பைக் கரைப்பது மூன்றாவது. இத்தனையையும் ஆங்கிலத்தில் 'ஜாலைன் கான்டூரிங்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். நான் 'தாடைச் சீரமைப்பு' என்றும், 'ஃபில்லர்' என்பதற்கு 'நிரப்பி' என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானா?

மாறன் எழுதியது:

இரண்டும் சரியில்லை அம்மா. பற்கள் பொருந்தாதவர்களுக்குத் தாடை எலும்பை அறுத்துப் பொருத்துவதைத்தான் 'தாடைச் சீரமைப்பு' என்கிறோம். படிப்பவர் குழம்பிவிடுவார்.

'நிரப்பி' அதைவிட மோசம். 'கொன்றது போலும் நிரப்பு' என்று வள்ளுவர் சொல்வது வறுமையைத்தான். அடுத்த குறளிலும் அதே பொருள்தான். வறுமைக்கு வைத்த பெயரை அழகுச் சிகிச்சைக்குச் சூட்டுவதா? 'பெய்மம்' என்று ஆக்கலாம். பெய்தல் மழைக்கு மட்டும் உரியதன்று. இடுதல், வார்த்தல், ஏற்றுதல் எல்லாம் பெய்தல்தான். கையில் இட்ட வளைக்குப் 'பெய்வளை' இருக்கிறது, மயிலிறகு ஏற்றிய வண்டிக்குப் 'பீலிபெய் சாகாடு' இருக்கிறது. 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்' என்பதில் நஞ்சையே பெய்கிறார்கள். எனவே போட்டுலினத்துக்கும் இதே வேர் பொருந்தும்: 'நச்சுப்பெய்வு'.

மருத்துவர் அருள்மொழி எழுதியது:

மாறன் ஐயா, உங்கள் புலமைக்கு வணக்கம். ஆனால் 'பெய்மம்' என்று எழுதிய தாளை நீட்டினால் என்னிடம் வருபவர் பொருள் புரியாமலே கையெழுத்திடுவார். அதற்கு நான் உடன்படமாட்டேன்.

இது முகப்பூச்சு போன்ற காரியம் அன்று. கூழ்மம் தவறி இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையே பறிபோகலாம். ஹயலுரானிக் அமிலக் கூழ்மம் என்றால் ஹயலுரானிடேஸ் என்னும் நொதியைச் செலுத்திக் கரைக்கலாம். கால்சியம் ஹைட்ராக்சிலபட்டைட் வகையை அந்த நொதி கரைக்காது. கொழுப்பைக் கரைக்கும் ஊசிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் ஒப்புதல் தந்தது. அதிலும் தாடை விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு அடிபட்டால் சிரிக்கும்போது கீழுதட்டின் ஒரு பக்கம் இறங்காது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆனாலும் அதுவரை வாரக்கணக்கில் கோணல் சிரிப்புதான். எனவே 'ஒப்பனை', 'எழில்' போன்ற சொற்கள் வேண்டாம். 'தோல் நிரப்பி' என்றும் எழுதாதீர்கள். மோவாயில் பல நேரம் எலும்பை ஒட்டித்தான் வைக்கிறோம்.

என் பரிந்துரை: 'நிரப்பூசி'. தடுப்பூசி என்ற சொல் மருந்தையும் குறிக்கிறது, போடுவதையும் குறிக்கிறது. அதே தடத்தில் இதுவும் போகும். ஊசி என்று கேட்டதும் உடம்புக்குள் ஏதோ போகிறது என்று யாருக்கும் விளங்கும்.

இளங்கோ எழுதியது:

நிரப்பூசிக்கு என் வாக்கு. ஹயலுரானிக் என்பதையும் தமிழாக்கலாமே? 1934இல் மாட்டுக் கண்ணின் பளிங்குநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிரேக்கத்தில் 'ஹயலோஸ்' என்றால் கண்ணாடி. 'பளிங்கமிலம்' அழகாக இருக்கிறது.

மருத்துவர் அருள்மொழி எழுதியது:

வேண்டாம் இளங்கோ. மருந்துப் பெயர் புட்டியில் உள்ளபடியே இருக்கட்டும். ஒவ்வாமை வந்தால் நோயாளி அந்தப் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும்.

மாறன் எழுதியது:

'மோவாய்' என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பகுதி பாதியானது, மிகுதி மீதியானது. அதுபோல முகவாய் மோவாயானது. படிவம் முழுவதும் மோவாய் என்றே இருக்கட்டும்.

தமிழரசி எழுதியது:

முகவாய்தான் இன்றும் வழங்கும் வடிவம். 'முகம்' வடசொல் என்ற ஐயத்தால் மாறன் அதைத் தவிர்க்கிறார் என்று தெரிகிறது. முகிழ், முகை, முகப்பு என்று ஒரு குடும்பமே தமிழில் இருக்கும்போது அந்த ஐயம் எதற்கு?

மாறன் எழுதியது:

ஐயம் எனக்கு இல்லை. தேய்ந்த வடிவமும் தமிழின் சொத்து என்கிறேன். முகத்திற்கும் முகைக்கும் உள்ள உறவைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை படிவத்தை அனுப்புகிறேன். 'நிரப்பூசி' என்று போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'நிரப்பும் கூழ்மத்தை ஊசியால் ஏற்றுதல்' என்று ஒரு வரி விளக்கம். தலைப்பு 'அறுவையில்லாத் தாடை வடிவமாற்றம்'. மூன்று முறைகளுக்கும் தனித்தனிப் பத்தி, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய ஆபத்து.

மாறன் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. தடுப்பூசியில் 'தடுப்பு'க்கு ஒரு பொருள்தான். நிரப்பூசியில் அப்படி இல்லை. 'பெய்மம்' என்பதைக் குழுவின் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது சேர்க்க வேண்டும்.

தமிழரசி எழுதியது:

சேர்க்கலாம். ஆனால் 'வடிவமாற்றம்' என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. கொழுப்பைக் கரைத்தால் தாடையின் வடிவம் மாறுவதில்லை, மறைந்திருந்த விளிம்பு தெரிகிறது, அவ்வளவே. அதற்கு வேறு சொல் வேண்டும்.