எழுத்தாளரோடு உட்கார்ந்து கோப்பி குடித்த பிறகு விமர்சனம் எழுத முடியுமா?

செங்காங் வாசகி | சனி, இரவு 11.20

இன்று மாலை சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு பற்றிய சந்திப்பு. நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், இருபத்தைந்து பேர் வந்தோம், அதில் ஏழெட்டுப் பேர் எழுத்தாளரின் சொந்தக்காரர்கள். வழக்கம்தான். முடிந்ததும் கையெழுத்து வாங்க நின்று என் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பறந்துபோன சேலை பற்றி எழுதின பிள்ளை நீதானா?" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய பழைய கதை ஒன்றில், பன்னிரண்டாம் மாடியில் மூங்கில் கழியில் காயப்போட்ட சேலை காற்றில் பறந்து பத்தாம் மாடிக்காரர் கழியில் போய் மாட்டிக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு முன் அதைப் படித்துவிட்டு அவருக்கு மின்னஞ்சல் போட்டேன். எங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறது, கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அத்தை) என் அம்மாவின் சேலையை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், அதுவரை மின்தூக்கியில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் அன்றிலிருந்துதான் பேச ஆரம்பித்தார்கள் என்று எழுதியிருந்தேன். பதில் இரண்டே வரி. மறந்திருப்பார் என்று நினைத்தேன். இன்று அவர் முதலில் கேட்ட கேள்வி, "மாக்சிக் நல்லா இருக்காங்களா?"

ரயிலில் வீடு வரும்வரை எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் கூட வந்த தோழி, "எழுத்தைப் படி, எழுத்தாளரிடம் ஒட்டாதே, இரண்டும் கெட்டுப்போகும்" என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கறார் கந்தன் | சனி, இரவு 11.48

உங்கள் தோழி கெட்டிக்காரி. நேராகக் கேட்கிறேன்: இன்று கையெழுத்து வாங்கிய தொகுப்பில் இத்தனை கதை சுமார் என்று நாளைக்கு உங்களால் எழுத முடியுமா? மாக்சிக் நலம் விசாரித்தவரை?

சில வருடத்துக்கு முன் ஒரு தொகுப்புக்கு விமர்சனம் எழுதினேன். பதினொரு கதை, மூன்று தேறும், மற்றவற்றை இன்னும் இரண்டு தடவை திருத்தியிருக்கலாம் என்று மரியாதையாகத்தான் எழுதினேன். அடுத்த நிகழ்ச்சியில் அவர் என்னைத் தாண்டிப் பின்வரிசைக்காரருக்கு வணக்கம் சொன்னார். அதுகூடப் பரவாயில்லை, அவருடைய அண்ணன் மகன் என் அலுவலகம், ஒரு மாதம் மதிய சாப்பாட்டுக்கு என் மேசைக்கு வரவில்லை.

இந்த ஊரின் அளவு அப்படி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அதில் தமிழ் படிப்பவர் எத்தனை, அதில் கதை படிப்பவர் எத்தனை என்று கழித்துக்கொண்டே போங்கள். தேக்கா ஈரச்சந்தையில் நான் கத்தரிக்காய் பொறுக்கினால் பக்கத்தில் எழுத்தாளர் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஊரில் உறவு தானாகவே ஒட்டிக்கொள்கிறது, அதற்குமேல் பசை தடவ வேண்டாம் என்கிறேன். விளைவைப் பாருங்கள், எல்லா நூலும் "அருமை", எல்லா ஆசிரியரும் "ஆகச் சிறந்தவர்".

பழைய பேனா | ஞாயிறு, காலை 7.05

நான் எழுதுகிறவன். மூன்று நூல், ஒவ்வொன்றும் 500 பிரதி, பாதி இன்னும் படுக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. பெயர் வேண்டாம்.

கந்தன் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உறவு என்றால் புகழ்ச்சிதான் என்று முடிவு கட்டிவிட்டார், அதுதான் இடிக்கிறது. என் முதல் நூலில் ஒரு கதை 1985ல் நடக்கிறது. கதாநாயகன் தோ பாயோவில் எம்ஆர்டி ரயில் ஏறி வேலைக்குப் போகிறான். மெய்ப்பு மூன்று முறை பார்த்தேன், என் மனைவி ஒரு முறை பார்த்தார், யாருக்கும் உறைக்கவில்லை. நூல் வந்து இரண்டாவது வாரம் ஒரு தொலைபேசி. கரகரப்பான குரல். "தம்பி, ரயில் முதன்முதலில் ஓடியது 1987 நவம்பர் 7. யோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை, அஞ்சே நிலையம். அன்னைக்கு நான் பையனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நின்றேன். நீ ரெண்டு வருஷம் முன்னாலேயே ஆளை ஏத்தி அனுப்பிட்டியே!"

எனக்குக் காது சுட்டது. விற்காத பிரதிகளை எல்லாம் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் "எம்ஆர்டி"யை அடித்து "பஸ்" என்று பேனாவால் எழுதினேன். இரண்டு இரவு ஆனது. அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கூப்பிடுவார், பெரும்பாலும் திட்டுவதற்கு. ஒரு கதையை, "இதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்றார். அவரோடு நான் குடித்த கோப்பிக்குக் கணக்கே இல்லை. அவருக்குப் பயந்துதான் இன்று வரை தேதி பார்த்து எழுதுகிறேன்.

கறார் கந்தன் | ஞாயிறு, காலை 9.30

உங்கள் பெரியவருக்குத் தலை வணங்குகிறேன். அவர் விதிவிலக்கு. ஊருக்கு அப்படி எத்தனை பேர் தேறுவார்கள்?

சரி, பெரிய ஆட்கள் பக்கம் வருவோம். 1966ல் ஜெயகாந்தனின் 'அக்னிப்பிரவேசம்' ஆனந்த விகடனில் வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனிடம் கெட்டுப்போய் வீட்டுக்கு வரும் பெண்ணின் தலையில் அவள் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் கதை. பெரிய கொந்தளிப்பு. அவர் கதையை மாற்றவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலையே எழுதிவிட்டார். அந்த நாவலுக்குள் தன்னுடைய கதையையே ஒரு பத்திரிகைக் கதையாக வைத்து நாயகி படிக்கிற மாதிரியும் செய்தார். 1972ல் சாகித்திய அகாதமி பரிசும் வந்தது. கோபப்பட்ட வாசகருக்கு எழுத்தாலேயே பதில். இதுதான் நான் மதிக்கிற உறவு. நடுவில் வடை கிடையாது, தோளில் கை கிடையாது.

செங்காங் வாசகி | ஞாயிறு, காலை 10.12

அண்ணே, வடை மேல் உங்களுக்கு என்ன கோபம் :)

நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கம்தான் நிற்கிறது. அந்த வாசகர்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்த நாவல் அந்த வடிவத்தில் வந்திருக்குமா? கல்கியையும் பாருங்கள். பொன்னியின் செல்வன் 1950ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. முடித்த பிறகு, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடவில்லை. மனுஷன் உட்கார்ந்து ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்காலத்தை எல்லாம் சொன்னார். அதே 1954 டிசம்பரில் அவரே போய்விட்டார். என் அப்பா அந்த முடிவுரையைத்தான் முதலில் படிப்பார், எல்லாரும் நல்லா இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பாகத்தைத் திறப்பார். இது ஒரு வியாதி, தெரியும்.

கறார் கந்தன் | ஞாயிறு, காலை 10.40

வாசகர் பேச்சைக் கேட்பதன் மறுபக்கமும் இருக்கிறது. சுஜாதா 1857 கலகத்தை வைத்துக் குமுதத்தில் தொடங்கிய தொடர், ஒரு தரப்பாரின் எதிர்ப்பால் பாதியில் நின்றுபோய், பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில்தான் வந்தது. பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பால் 2015ல் 'எழுத்தாளன் இறந்துவிட்டான்' என்றே அறிவித்தார், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்பி வந்தார். நெருக்கத்தோடு உரிமையும் வருகிறது. உரிமை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

பழைய பேனா | ஞாயிறு, காலை 11.02

அங்கே கத்தியவர்களில் எத்தனை பேர் புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள், சொல்லுங்கள்? யாரோ நகலெடுத்துக் கொடுத்த இரண்டு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவரை நான் வாசகர் கணக்கில் சேர்ப்பதில்லை. என் பெரியவர் பின்னட்டை விலை வரைக்கும் படித்துவிட்டுத்தான் திட்டுவார்.

ஜூரோங் டீச்சர் | ஞாயிறு, மதியம் 1.15

குறுக்கே ஒரு வார்த்தை. ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவை ஒட்டி எங்கள் பள்ளிக்கு ஓர் எழுத்தாளரை அழைத்தோம். உயர்நிலை இரண்டு மாணவன் எழுந்து கேட்ட முதல் கேள்வி, "சார், இதில் சம்பளம் எவ்வளவு?" அவர் சிரித்துவிட்டு, போன வருடம் நூல் விற்றுக் கிடைத்தது 212 வெள்ளி (டாலர்) என்று உண்மையைச் சொன்னார். பையன்கள் அதிர்ந்துபோனார்கள். பாவம் பார்த்தோ என்னவோ, அன்றைக்கு ஆறு பேர் நூலகத்தில் அவர் நூலைத் தேடியிருக்கிறார்கள். தமிழ் எழுத்தாளர் என்றால் சுவரில் மாட்டிய படம் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். கந்தன் கவலைப்படும் விமர்சனம் எல்லாம் படிக்க ஆள் வந்த பிறகுதானே?

நைட்ஷிப்ட் | ஞாயிறு, மாலை 6.50

வணக்கம். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை, சொந்த ஊர் புதுக்கோட்டை. இங்கே படிப்பேன், எழுதியதில்லை. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தங்கும் விடுதியில் யாரோ ஊருக்குப் போகும்போது விட்டுப்போன நாவல் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, கடைசியில் நாலைந்து பக்கமும் இல்லை. யாரோ எதையோ மடிக்கக் கிழித்திருப்பார்கள் போல. ஒரு மாதம் அதைப் படித்தேன், முடிவு தெரியாமல் தூக்கம் வரவில்லை. முன்பக்கத்தில் எழுத்தாளரின் மின்னஞ்சல் இருந்தது. சிங்கப்பூர்க்காரர்தான். "ஐயா, கடைசிப் பக்கங்கள் இல்லை, தங்கச்சி கல்யாணம் நடந்ததா இல்லையா?" என்று மட்டும் எழுதி, என் எண்ணையும் போட்டேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. ஒன்பது நிமிடம். அந்தப் பக்கங்களை அவரே வாசித்து அனுப்பியிருந்தார். நடுவில் அவர் வீட்டில் குக்கர் விசில் வேறு.

அதிகாலை லாரியில் திரும்பி வரும்போது காதில் வைத்துக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டார், சத்தமாக வைத்தேன். அவருக்குக் கதை தெரியாது என்பதால் முன்கதையைச் சொன்னேன். மறுநாள் இன்னும் நாலு பேர் கேட்டார்கள். ஒரு வாரத்தில் லாரிக்கே கதை தெரிந்துவிட்டது. அதில் அறந்தாங்கி அண்ணன் ஒருவர், "கல்யாணத்தை நடத்திவிட்டார், சரி, ஆனால் வாங்கின கடனை யார் கட்டினது? அதைச் சொல்லாமல் முடித்தால் என்ன கதை?" என்றார். அதை அப்படியே எழுத்தாளருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி வந்தது: "நான் அதை யோசிக்கவே இல்லை, தம்பி."

அவருக்குக் கோபம் இல்லை. அறந்தாங்கி அண்ணனும் கையெழுத்து கேட்கவில்லை. அண்ணன் இன்னும் கடனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

கறார் கந்தன் | ஞாயிறு, இரவு 8.25

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அறந்தாங்கி அண்ணன் செய்ததுதான் விமர்சனம். அவருக்கு அந்த எழுத்தாளரின் அண்ணன் மகனைத் தெரியாது பாருங்கள், அதனால் முடிந்தது. என் கட்சி அப்படியேதான் இருக்கிறது.

செங்காங் வாசகி | ஞாயிறு, இரவு 8.41

இல்லை அண்ணே, ஒன்பது நிமிடம் உட்கார்ந்து வாசித்து அனுப்பினவரிடம்தான் அவர் அதைக் கேட்டார். அதுக்கு அப்புறமும் கேட்க முடிந்தது என்பதுதான் விஷயமே.

அது இருக்கட்டும், அந்தப் பதினொரு கதைக்காரர் நம்ம பழைய பேனாதானோ?

பழைய பேனா | ஞாயிறு, இரவு 9.10

என் தொகுப்பில் பதினான்கு கதை, தேறுவது இரண்டு. நான் இல்லை.

செங்காங் வாசகி | புதன், இரவு 9.55

பழைய பேனா அவர்களே, உங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். 1985, தோ பாயோ, பதினான்கு கதை, இவ்வளவு தடயம் விட்டால் எப்படி? இன்று ஆங் மோ கியோ நூலகத்தில் உங்கள் முதல் நூலை எடுத்தேன். நீங்கள் பேனாவால் திருத்திய பிரதி இல்லை, முதலிலேயே வாங்கியது போலிருக்கிறது, "எம்ஆர்டி" அப்படியே இருக்கிறது. ஆனால் ஓரத்தில் பென்சிலில் யாரோ "1987!" என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு.

பழைய பேனா | புதன், இரவு 10.20

அவர் கைதான். 7ஐ அப்படித்தான் எழுதுவார். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று அவருக்கு நாளைக்கே போன் போட்டுத் திட்டப் போகிறேன். எனக்கு இந்த மாதிரி வாய்ப்பு இதுவரை கிடைத்ததே இல்லை.

கறார் கந்தன் | புதன், இரவு 10.37

வாசகி, தலைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். 21 நாள் முழுக்க வைத்துக்கொள்ளாமல் சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள், அந்தப் பிரதிக்குத்தான் முன்பதிவு செய்யப் போகிறேன். தேறுகிற அந்த இரண்டு கதை எவை என்று யாரும் எனக்குச் சொல்லக் கூடாது.