401கே பணம் திரும்பி வந்துவிட்டது, ஹெச்1பி விசாவுக்குச் சிக்கல் வருமா?

டாலஸ்_புதுசு:
வணக்கம், கொஞ்சம் அவசரம். அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது. நேற்று 401கே (சம்பளத்திலிருந்து கம்பெனி வழியாகப் போடும் ஓய்வூதியச் சேமிப்பு) கணக்கிலிருந்து 5,400 டாலர் சொச்சத்துக்கு ஒரு செக் வந்தது. கூட இருந்த கடிதத்தில் ‘கம்ப்ளையன்ஸ் டெஸ்ட் ஃபெயில்’ என்று போட்டிருக்கிறார்கள். 10 சதவீதம் பிடித்தும் விட்டார்கள். நான் ஏதாவது சட்டத்தை மீறிவிட்டேனா? கிரீன் கார்டு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 வரிக் கணக்கைப் போன வாரம்தான் தாக்கல் செய்தேன். தூக்கமே வரவில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

எடிசன்_மாமா:
தம்பி, வந்த இரண்டே வருடத்தில் 401கேயில் இவ்வளவு போட யார் சொன்னது? நான் வந்த புதிதில் கன்சல்டன்சிக்காரன் பெஞ்சில் உட்காரவைத்து மாசக்கணக்கில் சம்பளமே தரவில்லை. நாலு பேருக்கு ஒரே ரைஸ் குக்கர். கையில் காசு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். செக்கை வங்கியில் போடாமல் வைத்திருங்கள், இந்த வருடம் வரி வராது.

கேரி_கயல்:
வேலை மாறினீர்களா? 2025இல் 401கேயில் நாம் போடக்கூடிய உச்சவரம்பு 23,500 டாலர். இரண்டு கம்பெனியிலும் சேர்த்துத் தாண்டியிருந்தால் ஏப்ரல் 15க்குள் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி. எனக்கு அப்படித்தான் ஆனது. உடனே கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யுங்கள்.

ஃப்ரீமாண்ட்_ராஜா:
அந்த 10 சதவீதம் பெனால்டி. 59 அரை வயதுக்கு முன்னால் எடுத்தால் விடமாட்டார்கள்.

கேரி_கயல்:
அவர் எங்கே எடுத்தார்? அவர்களாகத்தானே அனுப்பினார்கள்?

எடிசன்_மாமா:
401கேயாவது நம் பேரில் இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டிக்கு (அரசு ஓய்வூதியம்) மாதாமாதம் 6.2 சதவீதம் போகிறதே, பத்து வருட வேலைக் கணக்கு சேராமல் ஊருக்குத் திரும்பினால் கோவிந்தா. இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தமும் கிடையாது.

ஃப்ரீமாண்ட்_ராஜா:
அதைச் சொல்லுங்கள் மாமா! ஜெர்மனிக்காரனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, நமக்கு மட்டும் பட்டை நாமம்.

பேரோல்_அக்கா:
சோஷியல் செக்யூரிட்டியை வேறு நாள் திட்டலாம். தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். 2025இல் ஒரே கம்பெனியா? 2024இல் அங்கே சம்பளம் எவ்வளவு? போட்டது ராத்தா (வரி கட்டிய பிறகு போடுவது), சாதாரணமா (வரிக்கு முன் போடுவது)?

டாலஸ்_புதுசு:
ஒரே கம்பெனிதான் அக்கா. 2024இல் 1,68,000. சாதாரணம்தான், முழு 23,500ம் போட்டேன். ஆனால் என் மேனேஜருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம், அவருக்குச் செக் வரவில்லையே?

பேரோல்_அக்கா:
அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. ஃபெயில் ஆனது உங்கள் கம்பெனியின் திட்டம், நீங்கள் இல்லை. விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

2024இல் அந்தக் கம்பெனியில் 1,55,000க்கு மேல் வாங்கியவர்கள் 2025 கணக்கில் ‘அதிகச் சம்பளக்காரர்’ பட்டியலில் வருவார்கள். டெஸ்ட் இதுதான்: மற்ற ஊழியர்கள் சராசரியாகச் சம்பளத்தில் 4 சதவீதம் போட்டால் உங்கள் கூட்டத்தின் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர்கள் குறைவாகப் போட்டார்கள், உங்கள் பணம் திரும்பி வந்தது. டாலர் கணக்கில் அதிகம் போட்டவரிடமிருந்துதான் முதலில் எடுப்பார்கள். உங்கள் மேனேஜர் குறைவாகப் போட்டிருப்பார், தப்பித்தார். மார்ச் 15க்குள் அனுப்பாவிட்டால் கம்பெனிக்கு 10 சதவீத வரி விழும், அதனால்தான் இந்த அவசரம்.

உங்களிடம் பிடித்த 10 சதவீதம் பெனால்டி இல்லை, ராஜா சார். வெறும் வரிப் பிடித்தம், கணக்கில் கழிந்துவிடும்.

பணம் 2026இல் வந்ததால் அது 2026 வருமானம். போன வாரம் தாக்கல் செய்ததைத் தொட வேண்டாம், டபிள்யூ-2வும் (கம்பெனி தரும் சம்பளப் படிவம்) மாறாது. கயல் சொன்னது உச்சவரம்பைத் தாண்டியவர்களுக்கு. அது வேறு கதை. செக்கைப் பூட்டி வைத்தாலும் வரி வரத்தான் செய்யும் மாமா, பேசாமல் வங்கியில் போடச் சொல்லுங்கள்.

டாலஸ்_புதுசு:
உயிர் வந்தது அக்கா. இதை ஐஆர்ஏவுக்கு (நாமே தனியாக வைக்கும் ஓய்வூதியக் கணக்கு) மாற்றலாமா?

பேரோல்_அக்கா:
ரோல்ஓவர் செய்ய முடியாது. புதுப் பணமாகப் போடலாம், 2025 கணக்கில் 7,000 வரை, ஏப்ரல் 15க்குள். ஆனால் உங்கள் சம்பளத்துக்கு அநேகமாக வரிக்கழிவு கிடைக்காது. திரும்பி வந்த தொகைக்குக் கம்பெனி தன் பங்காகக் கொடுத்த பணம் (மேட்ச்) பறிபோயிருக்கலாம், அதையும் பாருங்கள்.

ஹெச்ஆரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அடுத்த வருடம் திட்டத்தை ‘சேஃப் ஹார்பர்’ (ஊழியர்களுக்குக் கம்பெனி குறைந்தபட்சப் பங்கு போடும் வகை) ஆக்குவார்களா? ஆக்கினால் இந்த டெஸ்டே கிடையாது. இல்லையென்றால் இந்த வருடம் 24,500 முழுதும் போட்டாலும் மறுபடி செக் வரலாம், அந்த வரிக்குக் காசு ஒதுக்கி வையுங்கள்.

இந்த செக்குக்கான 1099-ஆர் வரிப் படிவம் 2027 ஜனவரியில் வரும், குறியீடு 8 இருக்கும். அதற்குள் அப்பார்ட்மெண்ட் மாறுவதாக இருந்தால் 401கே தளத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள்.

டாலஸ்_புதுசு:
ஜூலையில் லீஸ் முடிகிறது. இப்போதே ஆன்லைன் டெலிவரிக்கு மாற்றிவிட்டேன்.