மறு: காணொளி மாற்றியில் 'மேம்படுத்து' பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறுவதைக் குறிக்கும் 'அப்கிரேடு' என்ற சொல்லைக் கண்டால் 'மேம்படுத்து' என்று கை தானாகத் தட்டிவிடுகிறது. மற்ற மென்பொருள்களில் அது பெரிதாக உறுத்துவதில்லை. காணொளி மாற்றி ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கும்போது உறுத்துகிறது. மங்கலான பழைய காணொளியைத் திறந்து வைத்திருப்பவர் கண்ணில் 'மேம்படுத்து' பட்டால், படத்தைத் தெளிவாக்கும் பொத்தான் என்றே நினைப்பார். அழுத்தினால் நிறுவல் கோப்பு இறங்கத் தொடங்கும்!

அதைவிடப் பெரிய குறை: பயனர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லே முடிவைச் சொல்லிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றியின் 1.6 பதிப்பு (2022 டிசம்பர்) ஏவி1 குறியாக்கத்தை, அதாவது காணொளியைச் சுருக்கும் புதிய முறையை, கொண்டுவந்தது. கோப்பு சிறிதாக வேண்டும், பார்க்கப்போகும் கருவியும் ஏவி1ஐ இயக்கும் என்றால் அந்தப் பதிப்புக்கு மாறலாம். எச்.264 என்ற பழைய குறியாக்கம் தவிர வேறெதுவும் ஓடாத பழைய கருவி வைத்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எம்கேவி கோப்பில் ஏற்கெனவே எச்.264 படம்தான் இருக்கிறது, அது எம்பி4 ஆனால் போதும் என்பவருக்கோ மறுகுறியாக்கமே (படத்தை மீண்டும் சுருக்குவதே) தேவையில்லை. படத்தையும் ஒலியையும் தொடாமல் கொள்கலனை (எம்கேவி, எம்பி4 போன்ற கோப்பு உறையை) மட்டும் மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளிக் கருவியின் பழைய பதிப்பே தாராளம். சட்டென்று முடியும், தரமும் குறையாது.

எனவே 'பதிப்பேற்றம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். பொத்தானில் 'பதிப்பேற்று'. பிழைதிருத்த வெளியீடுகளுக்கு வழக்கம்போல் 'இற்றைப்படுத்து' (அப்டேட்) இருக்கட்டும்.

---

> எனவே 'பதிப்பேற்றம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஐயா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'பதிவேற்று' பக்கத்திலேயே நிற்கிறதே! காணொளி மென்பொருள்களில் பதிவேற்றும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். சிறிய எழுத்துருவில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. தன் வீட்டுக் காணொளி இணையத்துக்குப் போகிறதோ என்று பயனர் பதறிப்போவார். பழைய பதிப்புக்குத் திரும்புவதை 'பதிப்பிறக்கம்' என்றால் அதுவும் 'பதிவிறக்கம்' மீது முட்டுகிறது.

'பதிப்பு மாற்று' எனலாமா?

---

> 'பதிப்பு மாற்று' எனலாமா?

வேண்டாம். அந்த மென்பொருளின் முதன்மை வினையே 'மாற்று'தான். கோப்பு மாற்று, வடிவம் மாற்று என்று ஏற்கெனவே ஐந்தாறு மாற்றுகள் வரிசைகட்டி நிற்கின்றன.

'பதிப்பை உயர்த்து' எனலாம், பெயர்ச்சொல்லாக 'பதிப்புயர்வு'. இதிலும் 'உயர்' இருக்கிறதே என்று கேட்பீர்கள். இங்கே உயர்வது பதிப்பு எண், 1.5 என்பது 1.6 ஆவது உண்மை. படம் உயரும் என்று யாருக்கும் நாம் வாக்குக் கொடுக்கவில்லை. எதிர்த்திசைக்குச் சொல் கட்ட வேண்டாம், 'முந்தைய பதிப்புக்குத் திரும்பு' என்றே எழுதலாம். நீளம்தான், ஆனால் அது பொத்தானில் வருவதில்லை, உதவிப் பக்கத்தில்தான் வருகிறது.

பொத்தானைவிட அதன் கீழுள்ள எச்சரிக்கைதான் எனக்கு முக்கியம். புதுப்பிக்கும் முன் வரிசையில் காத்திருக்கும் வேலைகளை முடிக்கவும், சொந்த முன்னமைவுகளை (பயனர் சேமித்துவைத்த மாற்ற அமைப்புகளை) காப்பெடுக்கவும் ஹேண்ட்பிரேக் வெளியீட்டுக் குறிப்புகளே சொல்கின்றன. அவை புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். காணொளித் தொகுப்பில் பாதியை மாற்றிவிட்டு நடுவில் பதிப்பை உயர்த்துபவருக்கு இது தெரிந்தாக வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

"பதிப்பை உயர்த்தும் முன் காத்திருப்பு வரிசையை முடித்துவிடுங்கள். உங்கள் முன்னமைவுகளுக்கு ஒரு நகல் எடுத்துவையுங்கள்."

'மேம்படுத்து' என்று பொத்தானில் இருந்தால் இந்த இரண்டு வரியை யாராவது நின்று படிப்பார்களா?

---

'பதிப்பை உயர்த்து' எனக்குச் சம்மதம். 'மேம்படுத்து' படத் தெளிவுக்கான வடிகட்டிகளுக்கு மட்டும் இருக்கட்டும். எச்சரிக்கையில் 'காத்திருப்பு வரிசை' என்று முழுதாக எழுதியது நல்லது. வெறும் 'வரிசை' என்றால் கோப்புகளை அகரவரிசைப்படுத்தும் பொத்தானோடு குழம்பும். அந்தப் பொத்தானின் பெயரைத் தனி இழையில் எடுக்கலாம். மறுப்பு இருந்தால் மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்புவதற்குள் சொல்லுங்கள்.