கல்யாண நகைதான் உன் பங்கு என்கிறார் அண்ணன், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பாபநாசம் சகோதரி

அஸ்ஸலாமு அலைக்கும். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். அத்தா மௌத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இருக்கிறார்கள், அண்ணன் இரண்டு பேர், அப்புறம் நானும் தங்கச்சியும். அத்தா பெயரில் 2400 சதுர அடி மனையில் ஒரு வீடு, 3 ஏக்கர் நஞ்சை, கடைத்தெருவில் வாடகைக்கு விட்ட ஒரு கடை. எழுதி வைத்தது எதுவும் இல்லை. இப்போது பெரிய அண்ணன், "கல்யாணத்தில் நகை போட்டு அனுப்பினோமே, அதுதான் உங்கள் பங்கு, வீட்டையும் கடையையும் அத்தா எனக்கு வாய் வார்த்தையாக ஹிபா (தானம்) கொடுத்துவிட்டார்கள், நிலத்தில் பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கே கிடையாது" என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இரண்டு பேரையும் வரச் சொல்கிறார். தங்கச்சி அழுதுகொண்டே சரி என்றுவிட்டாள். அம்மா பெரிய அண்ணனோடுதான் இருக்கிறார்கள், மறுத்தால் அம்மாவைப் பார்க்க விடமாட்டார்களோ என்று எனக்குப் பயம். எங்களுக்குச் சட்டப்படி என்னதான் உண்டு?

பதில்: சிவில் வக்கீல், கும்பகோணம்

வ அலைக்கும் ஸலாம். முதல் வேலை, யார் என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள், தங்கச்சியையும் நிறுத்துங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்ய, மிரட்டினார்கள் ஏமாற்றினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும், அது லேசில் முடியாது.

கணக்கு எளிது. அத்தாவின் கடன், அம்மாவுக்குத் தர வேண்டிய மஹர் (கல்யாணத்தில் கணவர் மனைவிக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை) பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான், இதெல்லாம் போக மிச்சத்தை 48 பங்காக வையுங்கள். பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 6. மீதி 42-இல் ஆணுக்குப் பெண்ணைப் போல இரண்டு மடங்கு என்பதால் அண்ணன்மாருக்கு ஆளுக்கு 14, உங்களுக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கு 7. வீட்டு மனையில் உங்கள் பங்கு 350 சதுர அடி, நிலத்தில் 43.75 சென்ட், கடையிலும் இதே 48-இல் 7. அத்தா மௌத்தான நிமிடமே இது உங்களுடையதாகிவிட்டது, அண்ணன் மனது வைத்துத் தரவேண்டிய பொருள் இல்லை.

நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு இல்லை என்பது தமிழ்நாட்டில் செல்லாத பேச்சு. 1937-ஆம் வருட ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருந்தது உண்மை. 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. வேறு சில மாநிலங்களில் நிலைமை வேறு, அங்கிருந்து கேட்டதைத்தான் இங்கே சொல்கிறார்கள்.

ஹிபா விஷயம் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. வாய்மொழி ஹிபா செல்லும், பதிவு செய்யாமல் எழுதி வைத்தாலும் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் கொடுத்தேன் என்று அத்தா சொல்லியிருக்க வேண்டும், அண்ணன் ஏற்றிருக்க வேண்டும், சொத்தும் கை மாறியிருக்க வேண்டும், மூன்றையும் நிரூபிக்கும் பொறுப்பு அண்ணனுடையது. ஒரே வீட்டில் குடியிருந்த அத்தா வெளியேறியிருக்க வேண்டும் என்பதில்லை, ஆனாலும் உரிமையை விட்டதற்கு ஏதாவது வெளிப்படையான செயல் தேவை. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பட்டா யார் பெயரில் ஓடுகிறது? கடை வாடகையைக் கடைசி வரை வாங்கியது யார்? அத்தாதான் வாங்கினார் என்றால் கடைக்கு ஹிபா என்பது நிற்பது கஷ்டம்.

நகை கொடுத்ததாலேயே வாரிசுரிமை போகாது. ஒரே ஒரு கேள்வி: அத்தா உயிரோடு இருக்கும்போது பணமோ சொத்தோ வாங்கிக்கொண்டு, இனி பங்கு கேட்கமாட்டேன் என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? அப்படி எழுதிக்கொடுத்த வாரிசுகள் பிறகு பங்கு கேட்க முடியாது என்று 1973-இல் ஒரு தீர்ப்பு உண்டு, அதனால் கேட்கிறேன்.

பதில்: காயல் வாசகர்

வக்கீல் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. எங்கள் காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடே கொடுத்துக் கட்டிக்கொடுக்கிற வழக்கம் உண்டு. அந்தப் பெண்ணும் வாப்பா மௌத்தான பிறகு மீதிச் சொத்துக்கு வாரிசுதான். ஐந்து வேளை தொழுகிற குடும்பத்திலேயே பெண் பிள்ளையின் பங்கை அமுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை. குர்ஆனில் சூரா நிஸாவின் 11, 12-ஆம் வசனங்களில் பங்கைச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்று வருகிறது. ஊர் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) பாகக் கணக்கை எழுத்தில் வாங்கி அண்ணன்மார் முன்னால் வையுங்கள். ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, இருந்தாலும் ஊரில் அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்கிறது.

பாபநாசம் சகோதரி

எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டு வரி இன்னும் அத்தா பெயரில்தான் வருகிறது, வாடகையும் மௌத்தாகிற வரை அத்தாதான் வாங்கினார்கள். சின்ன அண்ணன் நியாயமாகப் பேசுகிறார், பெரிய அண்ணனுக்குப் பயந்து முன்னால் வரமாட்டேன் என்கிறார். கேஸ் என்றால் பணத்துக்கு எங்கே போவது?

பதில்: சிவில் வக்கீல், கும்பகோணம்

அப்படியானால் உங்கள் நிலை பலமாகவே இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டமே அப்படிச் சொல்கிறது. தஞ்சாவூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவும் அங்கே கேட்கலாம். அம்மா அங்கே இருப்பதால் உங்களுக்கு அந்த வழிதான் முதலில் நல்லது. அம்மாவும் 6 பங்குக்காரர், அவர்களிடமும் யாரும் கையெழுத்து வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், இந்த இரண்டு வருடத்தில் ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேச்சு முறிந்தால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் பாகப்பிரிவினை வழக்கு. வழக்கு நடக்கும்போது அண்ணன் யாருக்காவது விற்றாலும் வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். இரண்டு வருட வாடகையில் உங்கள் பங்கையும் அதிலேயே கேட்கலாம். ஆனால் வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் உரிமையை அவர் வெளிப்படையாக மறுத்துவிட்டதால் 12 வருடக் காலவரையறை ஓட ஆரம்பித்துவிட்டது என்று பிறகு வாதாட அவருக்கு இடம் கிடைத்துவிடும். தங்கச்சியும் சேர்ந்து வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள், இரண்டு பேரும் ஒரே மனுவாகக் கொடுத்துவிடலாம்.